ரூபியின் தோள் உயரம்

டூசான், அரிசோனா
9 மார்ச் 2015

அன்பின் அத்தான்,

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால், "ஓம், ஓம், நான் சுகம், நீர் சாப்பிட்டீரோ" என்பீர்கள். பின்னால் யாரோ கோப்பைகளைப் போட்டு உடைப்பார்கள். வைத்துவிடுவீர்கள்.

அதனால் கடிதம். என் தமிழ் எழுத்து பன்னிரண்டு வயதோடு நின்றுபோனது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "றோட்டுப் போடுற வேலை" என்று பாரிசுக்கு வெளியே அந்த ஓல்னே முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். றோட்டு இல்லை. நடைபாதை. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்பானியப் படைத்தலைவன் ஒருவன் இந்தப் பாலைவனத்தின் வழியாகக் கலிபோர்னியாக் கரைவரை குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போனான். வீரர்கள், மனைவியர், பிள்ளைகள், மாடுகள். அவர்கள் போன வழியை ஒட்டி, மக்கள் ஓய்வு நாளில் நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை. அதில் எங்கள் மாவட்டத்துக்குள் வரும் துண்டுக்குத் திட்டம் போடுகிறோம். எங்கே நிழல். எங்கே தண்ணீர். எங்கே உட்காருவது. உட்காருவது என் பொறுப்பு. சிரிக்க வேண்டாம். படித்துப் பட்டம் வாங்கித்தான் இதைச் செய்கிறேன்.

கேட்க வந்தது வேறு.

அந்தப் பயணத்தில் முதல் இரவுத் தங்கலிலேயே ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. அவளை அடுத்த கிறிஸ்தவக் கோயிலில் அடக்கம் செய்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பழைய குறிப்பில் சில வரிகள். அதை வாசித்த நாள் முழுக்க என்னால் வேலை செய்ய முடியவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். நீங்கள் பாரிசுக்கு வந்த முதல் குளிர்காலம். லா சப்பல் மெட்ரோவின் இரும்புத் தூணடி. அக்கா இறந்தபோது வயிற்றில் பிள்ளை இருந்தது என்று சொன்னீர்கள். "மாமிக்குச் சொல்லாதேயும். ஒரு சாவோடை போகட்டும்" என்றீர்கள். இன்றுவரை அம்மாவுக்குச் சொல்லவில்லை.

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்கு நம் ஊரில் ஒரு கல் வைப்பார்கள் அல்லவா? வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க. சுமைதாங்கி. நான் பார்த்ததில்லை. கேள்விதான். முதல் தங்கலில் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்றை வைக்கலாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

அக்காவுக்கு நாம் ஒன்றும் வைக்கவில்லை. 2013இல் நான் வன்னிக்குப் போய்ப் பார்த்தேன் அல்லவா. மணல். தலையில்லாத பனைகள். எங்கே என்று நிற்பது?

கீழே வரைந்திருக்கிறேன். இரண்டு கல், மேலே ஒன்று. சரியா?

அன்புடன்
நிருபா

*

லா சப்பல், பாரிஸ்
2 ஏப்ரல் 2015

அன்பு நிருபாவுக்கு,

உம்முடைய கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. கொத்துரொட்டி போடுகிற தவரத்தினம் அண்ணை உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உனக்கு ஆரடா கடிதம் எழுதுறது? பிரெபெக்சர் விசாக் கந்தோரோ?"

"மச்சாள். அமெரிக்காவிலையிருந்து."

"நல்லகாலம். பிரெபெக்சர் எண்டால் இண்டைக்குக் கோப்பை கழுவ ஆள் இல்லாமப் போயிருக்கும்."

சின்ன வெங்காய மூட்டையில் இருந்து வாசித்தேன். பாதையைப் பற்றி அண்ணைக்கும் சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"காசு குடுத்துச் சப்பாத்து வாங்கி, நடந்துபோட்டு, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருவினமோ?"

"ஓம்."

"ஆரும் கலைக்கிறாங்களோ?"

"இல்லை."

"அப்ப விசர்."

கோபிக்காதேயும். அண்ணையும் வன்னி. நடை என்றால் அவருக்கு ஷெல்லுக்கு ஓடிய ஒரே ஒரு நடைதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இரவு படுத்திருக்க யோசித்தேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற நடை. அது நல்ல விசர்தான். நீர் போடும் பாதையில் ஒரு நாள் எனக்கும் நடக்க ஆசை.

இனிப் படம். நீர் வரைந்திருப்பது வாங்கு. அதில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடலாம். சுமைதாங்கி உயரமாக இருக்க வேண்டும். தலையில் சுமையோடு வருகிற ஆள் குனியக் கூடாது. அப்படியே போய்ச் சரித்து வைக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போதும் இன்னொருவர் கை தேவைப்படக் கூடாது. அதுதான் அந்தக் கல்லின் முழு விசயமும். எவ்வளவு உயரம் என்று எனக்கும் சரியாகத் தெரியாது. அளந்து பார்த்தவன் இல்லை.

தலையில் பாரம் இருக்கும்போது கர்ப்பிணி குனிந்தால் திரும்ப நிமிர முடியாது.

அதோடு விடுகிறேன்.

சாப்பாட்டைக் கவனியும். அங்கே நல்ல அரிசி கிடைக்கிறதா? மாமியை ஞாயிறு பார்த்தேன். முழங்கால் நோ. உம்மை வெள்ளைக்காரன் கட்டிவிடுவான் என்று பயப்படுகிறார். நான் பயப்படவில்லை என்று சொன்னேன். அதற்கும் ஏச்சு.

அன்புடன்
கோகிலன்

*

டூசான்
21 மே 2015

அன்பின் அத்தான்,

வாங்கு! அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். என் மேலதிகாரி இப்போது எல்லா இருக்கைகளையும் "வாங்கு" என்கிறார்.

புதிதாக வரைந்தேன். உயரமாக. பொதுக்கூட்டத்தில் வைத்தேன். பாடசாலை மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், ஆறிய கோப்பி. பண்ணைக்காரர்கள் வேலியைப் பற்றிக் கேட்டார்கள். சைக்கிள்காரர்கள் தார் கேட்டார்கள். என் முறை வந்தபோது வரைபடத்தை விரித்துப் பிடித்தேன்.

பயணிகள் சுமை இறக்கும் கல் என்றேன். எங்கள் நாட்டில் இறந்த பெண்களின் நினைவாக வைப்பது என்றேன். போரில் நடந்துபோகும்போது இறந்த என் அக்கா வசந்தரூபிக்கு ஒரு கல்லும் இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஓதாம் மக்களில் ஒருத்தி. ஸ்பானியர் வருமுன்பே அந்த வழி அவர்களுடையது. "ஆற்றோரம் முழுக்க ஆளாளுக்குக் கல் வைக்கிறீர்கள். உன் கல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீ எங்களைக் கேட்கவில்லை" என்றாள். முகம் எரிந்தது. அடுத்த வாரம் அவர்கள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.

உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. என் படம், கல்லின் வரைபடம், அக்காவின் பெயர். முகநூலில் போட்டேன், தமிழிலும் எழுதி. பார்த்தீர்களா? அக்காவின் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அன்புடன்
நிருபா

*

லா சப்பல்
8 ஜூன் 2015

நிருபாவுக்கு,

பார்த்தேன். நான் மட்டும் இல்லை.

தலைமுடி வெட்டுகிற வரதராசா ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் போனுமாகக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணை, சுமைதாங்கி எண்டு போட்டிருக்கு. அப்ப அக்கா வயித்துப்பிள்ளையோடையே போனவ?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். பாதி முடி வெட்டியபடி எழும்பி வந்துவிட்டேன்.

நீர் பிள்ளை என்ற சொல்லை எழுதவில்லை. தெரியும். எழுதத் தேவையில்லை. அந்தக் கல்லை யாருக்கு வைப்பார்கள் என்று அமெரிக்கனுக்குத் தெரியாது. லா சப்பலில் தெரியாத ஆள் இல்லை.

மாமி அன்று பின்னேரம் போன் எடுத்தார். "சுமைதாங்கியோ தம்பி?" என்றார். அவ்வளவுதான். நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு காசு முடிந்து தானாக நின்றது.

கூட்டத்தில் எழும்பிய அந்தப் பெண் உம்மிடம் ஒன்று சொன்னாள். அதையே நானும் சொல்கிறேன்.

கோகிலன்

*

டூசான்
19 ஜூன் 2015

அத்தான்,

எடுத்துவிட்டேன். முகநூலில் இருந்து. பிரயோசனம் இல்லை என்று தெரியும்.

சொல்லை மறைத்தேன். கல்லை மறைக்கத் தோன்றவில்லை. இங்கே வந்து இவ்வளவு வருடத்தில் நான் யாருடைய கண்ணால் வாசிக்கப் பழகிவிட்டேன்?

அம்மா என் அழைப்பை எடுக்கவில்லை.

கல்லைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். செப்டம்பர் கடைசிவரை நேரம் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் ஒரு கோடும் போடமாட்டேன்.

நிருபா

*

டூசான்
30 ஜூலை 2015

அத்தான்,

நீங்கள் எழுதவில்லை. சரி.

ஓதாம் அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண் தேநீர் தந்தாள். கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யாரும் அவசரப்படவில்லை. முதலில் இப்படித்தான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே மழைக்காலம். பாலைவனத்தில் மழை பெய்தால் ஒரு வாசம் வருகிறது, மண்வாசனை இல்லை, ஏதோ செடியின் வாசம். அதற்குத் தமிழில் ஒரு பெயர் யோசித்துப் பார்த்தேன். அகப்படவில்லை.

சாப்பிட்டீர்களா?

நிருபா

*

லா சப்பல்
6 செப்டம்பர் 2015

அன்பு நிருபாவுக்கு,

சாப்பிட்டேன்.

நீண்ட கடிதம். ஆறுதலாக வாசியும்.

போன ஞாயிறு பிள்ளையார் கோயில் தேர். தெரு முழுக்கத் தேங்காய் குவித்து வைத்திருந்தார்கள். காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கிறேன், பின்கதவில் மாமி. ஓல்னேயில் இருந்து தனியாக, முழங்கால் நோவோடு. ஜூனுக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். என் கை முழுக்கச் சவர்க்கார நுரை.

"எத்தினை மாசம்?" என்றார்.

"ஆறு, மாமி."

"அவளுக்கு வருத்தம் கிருத்தம்? சத்தி, ஓங்காளம்?"

"சத்தி நிண்டிட்டுது. புளி கேட்டவள். கிடைக்கேல்லை."

அழுவார் என்று பார்த்தேன். அடித்தார். கையில் இருந்த பையால், தோளில். "விசரா. ஆறு வருசமா இதை நீ தனியவோ வைச்சிருந்தனி? என்னை என்னெண்டு நினைச்சனி?" என்னை எப்போதும் தம்பி, நீர் என்று கதைக்கிற மனுசி. தவரத்தினம் அண்ணை அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

பிறகு முழுக்கச் சொன்னேன். உமக்கும் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

வன்னியில் அந்தக் கடைசி நடை. என் தோளில் அரிசியும் பாயும். ரூபியின் தலையில் உடுப்பும் சட்டியும் கட்டிய மூட்டை. பாரமில்லை, ஆனால் நெடுநேரம். அவளுக்கு இளைத்தது. இறக்கு என்றேன். "இறக்கினால் குனிஞ்சு தூக்கேலாது, நீங்கள் தண்ணியை எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் இப்பிடியே நிக்கிறன்" என்றாள். மதகோரம் நின்றாள். மதகுக் கட்டு முழங்கால் உயரம். தண்ணீரோடு திரும்பி வந்தபோது ஷெல் விழுந்து முடிந்திருந்தது. அடக்கம் செய்ய நேரம் கிடைத்தது. கோயில் இல்லை. ஸ்பானியன் போன வழியில் கோயில் இருந்தது என்று நீர் எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்தப் பெண்மீது பொறாமை வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

என்னுடைய அகதிப் பயண அட்டையில் எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று இருக்கிறது. ஒரு நாட்டின் பெயரை மட்டும் எழுதித் தடுத்திருக்கிறது. அந்த மதகு அந்த நாட்டில் இருக்கிறது.

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பி, "வாரும்" என்றார். தெருவுக்குப் போனோம். கடையில் ஒரு பெரிய தேங்காய் எடுத்தார். பிறகு கிண்டிக் கிண்டி ஒரு சின்னதும் எடுத்தார்.

கடைக்காரன், "அம்மா, உது சின்னன். முத்தேல்லை. வேறை தாறன்" என்றான்.

"வேண்டாம் தம்பி. சின்னன்தான் வேணும்."

இரண்டையும் அவரே உடைத்தார். சின்னது முதல் அடியில் உடையவில்லை. சுற்றி நின்ற சனம் சிரித்தது. மாமியும் சிரித்தார். "தாயைப் போலை" என்றார்.

திரும்பி வந்தபிறகு கேட்டார், "அந்தக் கல் எவ்வளவு உயரம்?"

"தெரியாது மாமி. தோள் மட்டத்துக்கு வைச்சால் சரியா இருக்கும்."

"ஆரின்ரை தோள்?"

நான் அவரைப் பார்த்தேன். "அப்ப அவளின்ரை தோள்" என்றார். குசினிக் கதவு நிலையில் என்னை நிறுத்தினார்.

"ரூபி என்ரை நாடி மட்டும் வருவாள்" என்றேன்.

"விசர்க்கதை. அவள் வளர்த்தி. உம்மடை காது மட்டும்."

"மாமி, நான் அவளோடை அஞ்சு வருசம் இருந்தனான்."

"நான் பெத்தனான்."

தவரத்தினம் அண்ணை தலையை நீட்டி, "சண்டை பிடியாதேங்கோ, கலியாணப் படத்திலை பாப்பம்" என்றார். படம் கிளிநொச்சியில் வீட்டோடு போயிற்று. அண்ணைக்கும் அது உடனே விளங்கியது. மீன் பெட்டி கட்டி வருகிற வெள்ளை நூலைக் கொண்டுவந்து தந்தார்.

நூலின் ஒரு நுனி நிலம். கீழ் முடிச்சு நான் சொன்ன உயரத்துக்குத் தோள். மேல் முடிச்சு மாமி சொன்ன உயரத்துக்கு. நடுவில் நாலு விரல் இருக்கும். இரண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை. இதற்குள் வைத்து அனுப்புகிறேன். எது என்று நீர் பார்த்துக்கொள்ளும்.

கல்லை எடுக்க வேண்டாம்.

மாமி உம்முடைய அழைப்பை இனி எடுப்பார். முதல் பத்து நிமிடம் ஏச்சு இருக்கும். கேட்டுக்கொண்டிரும்.

அன்புடன்
கோகிலன்

*

டூசான்
14 பெப்ரவரி 2016

அன்பின் அத்தான்,

பத்து நிமிடம் இல்லை. நாற்பது. பிறகு அரிசி அனுப்புவதாகச் சொன்னார்.

ஓதாம் பெண்ணிடம் நூலைக் காட்டினேன். விரலால் இரண்டு முடிச்சையும் தொட்டுப் பார்த்தாள். "எழுத்து வேண்டாம். பலகை வேண்டாம். கல் இருக்கட்டும்" என்றாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. திட்டத்தில் அதன் பெயர் "பாதை உபகரணம், ஒன்று". குப்பைத் தொட்டிக்கும் அதே பெயர்தான்.

கல் கட்டுபவரிடம் நூலைக் கொடுத்தேன். அளவு நாடாவால் மாற்றி எழுத அவர் பார்த்தார். விடவில்லை. எந்த முடிச்சு என்று கேட்டார்.

பல நாள் யோசித்தேன் அத்தான். நூலை மேசைவிளக்கில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு நாள் தெரிந்தது. மேலே கிடக்கும் கல்லுக்கு ஒரு தடிப்பு உண்டு. நாலு விரல் தடிப்பில் ஒரு கல் தேடச் சொன்னேன். அதன் அடிப்பக்கம் உங்கள் முடிச்சு. மேற்பக்கம் அம்மாவின் முடிச்சு.

நேற்றுத் திறந்தார்கள். நாடா வெட்டினார்கள், உரை இருந்தது, நான் பேசவில்லை. எல்லோரும் போன பிறகு தள்ளி நின்று பார்த்தேன். முதுகுப்பையோடு ஒரு பெண் வந்தாள், அறுபது வயதிருக்கும். கல்லைச் சுற்றி வந்தாள். வாசிக்க எதுவும் இல்லை. தட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, பையைக் கல்லில் சாய்த்து, வாரிலிருந்து தோளை உருவினாள். குனியவில்லை. கையை வீசிக்கொண்டு ஆற்றுப் பக்கம் கொஞ்சத் தூரம் போய் நின்றாள். திரும்பி வந்து, முதுகைக் கொடுத்து, ஏற்றிக்கொண்டு போனாள்.

கிட்டப் போய் உதவ வேண்டும்போல இருந்தது. போகவில்லை.

இதற்குள் படம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அன்புடன்
நிருபா

*

லா சப்பல்
3 மார்ச் 2016

அன்பு நிருபாவுக்கு,

படத்தை ஓல்னேக்குக் கொண்டுபோனேன். மாமி கண்ணாடியைப் போட்டு, யன்னலடியில் வைத்து, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"உயரம் காணாது" என்றார்.

"மாமி, உங்கடை முடிச்சுத்தான் மேலை."

"படத்திலை பதிவா, கட்டையாத் தெரியுது."

"ஓம் மாமி" என்றேன். இனி அதில் வழக்கு இல்லை. அவள் வளர்த்திதான்.

படம் இப்போது சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே மாமி ஒரு சின்னக் கிண்ணத்தில் பழப்புளி வைத்திருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடும்போது திரும்பக் கூப்பிட்டார். படத்தில் அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிற வெளியை விரலால் காட்டினார்.

"பிள்ளைக்கு இப்ப ஆறு வயசு நடக்கும், என்ன?"

"ஓம் மாமி. ஆறரை."

"அப்ப இதுக்குள்ளாலை ஓடும். குனியாமலே ஓடும்."

கோகிலன்